நிற்காத இரத்தம்

பாறசாலை கேரளத்தின் தென்கோடியில் இருக்கிறது. அதைத் தாண்டினால் களியக்காவிளை. அது தமிழ்நாடு. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மண். ஒரே ரப்பர் மரங்கள். இந்தப் பக்கத்துப் பெண்ணை அந்தப் பக்கம் கட்டிக் கொடுப்பார்கள். அந்தப் பக்கத்துப் பெண் இந்தப் பக்கம் மருமகளாக வருவாள். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம் என்று இரண்டு மொழியும் புழங்கும்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அப்பா ரப்பர் வெட்டும் தொழிலாளி. அம்மா வீட்டு வேலையோடு ஆடு வளர்க்கிறாள். மகளுக்குப் பதினொரு வயது. மகனுக்கு ஆறு வயது. அம்மாவைப் பெற்ற பாட்டியும் அவர்களோடு இருக்கிறாள்.

ஒரு நாள் காலையில் மகன் எழுந்திருக்கவில்லை. வலது முட்டு வீங்கி இருந்தது. தொட்டால் சுடுகிறது. காலை நீட்ட முடியவில்லை. அவன் எங்கும் விழவில்லை. முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் ஓடினான், அவ்வளவுதான்.

"சுளுக்குதான் மக்களே. ஆசான்கிட்ட கொண்டு போ. எண்ணெ போட்டுத் தடவினா சரியாப் போவும்" என்றாள் பாட்டி.

பாட்டி சொன்னது ஊர் வழக்கம். சாதாரணச் சுளுக்குக்கு ஆசான் கை நல்ல கைதான். ஆனால் இது சுளுக்கு இல்லை. முட்டுக்குள் இரத்தம் கசிந்து தேங்கி இருந்தது. அதை அழுத்தித் தடவினால் இன்னும் கசியும்.

அம்மாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பையன் தவழ்ந்த நாளிலேயே முழங்காலில் நீல நிறமாகக் கன்றிப் போகும். முதல் பால் பல் விழுந்தபோது இரண்டு நாள் இரத்தம் கசிந்தது. அவள் ஆசானிடம் போகவில்லை. பாறசாலை அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

டாக்டர் முட்டைப் பார்த்தார். பிறகு பாட்டியைப் பார்த்துக் கேட்டார். "உங்க குடும்பத்துல வேற ஆம்பிளைப் பிள்ளைங்க யாருக்காவது இரத்தம் நிக்காம இருந்திருக்கா அம்மா?"

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. அவளுக்கு ஒரு மகன் இருந்தான். எட்டு வயதில் அவனுக்கு ஆடிய பல்லைப் பிடுங்கினார்கள். இரத்தம் நிற்கவில்லை. மூன்றாம் நாள் அவன் இறந்து போனான். சாபம் என்று சொன்னார்கள். பாட்டி அதை நம்பித்தான் இத்தனை வருடம் இருந்தாள்.

அது சாபம் இல்லை. ஒரு நோய். அதன் பெயர் ஹீமோபிலியா.

ரப்பர் பாலும் இரத்தமும்

ரப்பர் வெட்டுகிறவர்களுக்கு இந்த நோயை எளிதில் சொல்லலாம். விடியும் முன்பே மரத்தின் பட்டையைக் கத்தியால் கீறுகிறார்கள். பால் வடிந்து சிரட்டையில் விழுகிறது. சில மணி நேரத்தில் வடிவது நின்று விடுகிறது. ஏன்? கீறின இடத்தில் பால் உறைந்து ஒரு நாடா போல ஒட்டிக்கொள்கிறது. அதுதான் ஒட்டுப்பால். அது வாயை அடைத்து விடுகிறது. அடுத்த முறை வெட்டும்போது அந்த ஒட்டுப்பாலை முதலில் உரித்து எடுக்கிறார்கள்.

இரத்தமும் இப்படித்தான் உறைகிறது. உடம்பில் காயம் பட்டால் இரத்தக் குழாய் முதலில் சுருங்கும். பிறகு தட்டணுக்கள் என்ற மிகச் சிறிய துகள்கள் ஓடி வந்து காயத்தில் ஒட்டும். அது மட்டும் போதாது. அதன்மேல் நூல் பின்னினது போல ஒரு வலை உண்டாக வேண்டும். அப்போதுதான் அடைப்பு உறுதியாகும்.

அந்த வலையைப் பின்னுவதற்கு இரத்தத்தில் பல பொருள்கள் இருக்கின்றன. அவற்றுக்கு உறைகாரணிகள் என்று பெயர். டாக்டர்கள் அவற்றுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். வரிசையாக நின்று கல் கைமாற்றும் ஆட்களைப் போல இவை வேலை செய்கின்றன. ஒருவர் கையில் இருந்து அடுத்தவர் கைக்கு வேலை போக வேண்டும். நடுவில் ஒரு ஆள் இல்லை என்றால் கல் அங்கேயே நின்று விடும்.

எட்டாம் எண் காரணி இல்லை என்றால் அது ஹீமோபிலியா ஏ. ஒன்பதாம் எண் காரணி இல்லை என்றால் ஹீமோபிலியா பி. ஏ வகைதான் அதிகம். உலகம் எங்கும் சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவர் ஏ வகையோடு பிறக்கிறார்.

இந்த நோய் உள்ளவருக்கு இரத்தம் வேகமாகக் கொட்டாது. எல்லோருக்கும் வருவது போலத்தான் வரும். ஆனால் நெடு நேரம் வந்துகொண்டே இருக்கும். வெளியில் படும் சிறு கீறலைப் பொத்திப் பிடித்தால் பெரும்பாலும் அடங்கி விடும். உள்ளே கசிவதுதான் ஆபத்து. முட்டு, முழங்கை, கணுக்கால் ஆகிய மூட்டுகளில்தான் அடிக்கடி கசியும். ஒரே மூட்டில் திரும்பத் திரும்பக் கசிந்தால் மூட்டின் எலும்பு முனை அரித்துப் போகும். கால் மடங்கினபடியே நின்று விடும். தலைக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

யார் மேல் தப்பு?

மருத்துவமனையில் இருந்து வந்த அன்று இரவே வீட்டில் பேச்சு வந்தது. "இது உன் வீட்டு நோய்" என்று அப்பாவின் ஆட்கள் அம்மாவைச் சொன்னார்கள். இந்த ஒரு சொல்லால் எத்தனையோ பெண்கள் பிறந்த வீட்டுக்குத் திரும்பி இருக்கிறார்கள்.

உண்மை இதுதான். எட்டாம் காரணியை உண்டாக்கும் கட்டளை மரபணுவில் இருக்கிறது. அந்த மரபணு எக்ஸ் என்ற குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு ஒன்றுதான். பெண்ணுக்கு ஒரு எக்ஸில் பழுது இருந்தாலும் மற்றது சமாளித்து விடும். அதனால் பெரும்பாலான பெண்களுக்கு நோய் தெரியாது. சிலருக்கு மாதவிடாயிலும் பிரசவத்திலும் இரத்தம் அதிகம் போகலாம். ஆணுக்கு இருக்கும் ஒரே எக்ஸில் பழுது இருந்தால் சமாளிக்க வேறு ஒன்று இல்லை.

இப்படிப் பழுதைத் தாங்கி இருக்கும் பெண்ணுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு மகளுக்கும் அதைத் தாங்கி இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நோய் உள்ள அப்பாவிடம் இருந்து மகனுக்கு இது வராது. ஆனால் அவருடைய மகள்கள் எல்லோரும் அதைத் தாங்கி இருப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் இதற்கு முன்னால் யாருக்கும் இந்த நோய் இருந்ததாகத் தெரியாது. புதிதாகவே பழுது ஏற்பட்டிருக்கும். தின்ற பண்டமோ செய்த பாவமோ இதற்குக் காரணம் இல்லை.

அரண்மனையையும் இந்த நோய் விடவில்லை. இங்கிலாந்து ராணி விக்டோரியாவின் மகன் லியோபோல்டு 1884 இல் கீழே விழுந்து இரத்தக் கசிவால் இறந்தார். ராணியின் மகள்கள், பேத்திகள் வழியாக ரஷ்யாவின் இளவரசன் வரைக்கும் அந்த நோய் போயிற்று. பணம் இருந்தும் அவர்களுக்கு அன்று மருந்து இல்லை.

பரிசோதனை

பையனைத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அங்கே கையில் இருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்தார்கள். அது உறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்தார்கள். பிறகு எட்டாம் காரணி எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள்.

நல்ல உடம்பில் இருப்பதை 100 என்று வைத்தால், 1க்கும் கீழே இருப்பது கடுமையான நோய். 1 முதல் 5 வரை நடுத்தரம். 5க்கு மேல் 40 வரை இலேசானது. இலேசான நோய் உள்ளவருக்கு அது தெரியாமலே இருக்கலாம். அறுவை சிகிச்சை செய்யும்போதுதான் வெளியே வரும். இந்தப் பையனுக்கு 1க்கும் கீழே இருந்தது.

மருந்து வந்த வழி

இல்லாத காரணியை ஊசி வழியாக நரம்பில் ஏற்றுவதுதான் சிகிச்சை. சொல்ல எளிது. அந்தக் காரணி எங்கே கிடைக்கும்?

முன்பு மற்றவரின் இரத்தத்தை அப்படியே ஏற்றினார்கள். அதில் காரணி கொஞ்சம்தான் இருக்கும். நிறைய ஏற்றினால் இதயம் தாங்காது. அமெரிக்காவில் ஜூடித் பூல் என்ற பெண் விஞ்ஞானி 1964 இல் ஒரு வழி கண்டார். இரத்தத்தின் தெளிந்த நீரை உறைய வைத்து, மெதுவாக இளக விட்டால் அடியில் ஒரு வண்டல் தங்கும். அந்த வண்டலில் எட்டாம் காரணி செறிந்து இருந்தது. எந்த இரத்த வங்கியிலும் இதைச் செய்ய முடியும்.

இதற்குக் கண்ணாடிக் குப்பி சரிப்படாது. பிளாஸ்டிக் பை வேண்டும். இந்த இரத்தப் பையை நம் நாட்டிலேயே செய்யும் முறையை 1980களில் உருவாக்கியது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். பாறசாலையில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர். அங்கே பிறந்த முறை இது என்று அறிந்தவர்கள் குறைவு.

பிறகு ஆயிரக்கணக்கானவரின் இரத்தத்தைச் சேர்த்துத் தூளாகச் செய்த மருந்து வந்தது. அதுவே 1980களில் பெரும் துன்பத்தையும் கொண்டு வந்தது. கொடுத்தவர்களில் ஒருவருக்கு எய்ட்ஸ் கிருமி இருந்தாலும் முழு மருந்தும் கெட்டது. உலகில் ஆயிரக்கணக்கான ஹீமோபிலியா நோயாளிகள் அப்படி இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் கிருமியைக் கொல்லும் முறைகள் கட்டாயம் ஆயின. இன்று மனித இரத்தமே இல்லாமல் செய்யும் காரணியும் இருக்கிறது.

எவ்வளவு மருந்து வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு கிலோ எடைக்கு ஒரு யூனிட் எட்டாம் காரணி ஏற்றினால் அளவு 2 கூடும். பையன் எடை 20 கிலோ. அளவை 40க்குக் கொண்டு வர வேண்டும். ஒரு கிலோவுக்கு 20 யூனிட். 20 கிலோவுக்கு 400 யூனிட். சுமார் 8 முதல் 12 மணி நேரத்தில் அதில் பாதி உடம்பில் தீர்ந்து விடும். ஆகவே சில சமயம் மறுபடியும் ஏற்ற வேண்டி வரும். அளவை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்தான். ஆனால் கணக்குத் தெரிந்த தாய் தைரியமாகக் கேள்வி கேட்க முடியும்.

வேலூரில் ஒரு பிரிவு

இரத்த நோய் என்று சொன்னால் தென்னாட்டில் பலரும் வேலூர் என்பார்கள். 1900 இல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கின இடம் அது. இன்று சி.எம்.சி. என்று ஊர் உலகம் எல்லாம் அறியும். அதன் இரத்த நோய்ப் பிரிவு இப்போது இராணிப்பேட்டை வளாகத்தில் இருக்கிறது. அந்த வளாகம் 2022 இல் திறந்தது. அங்கே வெளிநோயாளிகள் வரிசையில் தமிழும் மலையாளமும் வங்காளமும் இந்தியும் ஒன்றாகக் கேட்கும்.

சோகை, தலசீமியா, இரத்தப் புற்று என்று பல நோய்களுக்கு அங்கே சிகிச்சை நடக்கிறது. டாக்டர் மம்மன் சாண்டி தலைமையில் 1986 இல் அங்கே எலும்பு மஜ்ஜை மாற்றும் சிகிச்சை தொடங்கியது. எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜைதான் இரத்த அணுக்களின் நாற்றங்கால். அது கெட்டுப் போனால், பொருத்தமான ஒருவரின் நல்ல மஜ்ஜையில் இருந்து அணுக்களை எடுத்து ஏற்றுகிறார்கள். பெரும்பாலும் உடன்பிறந்தவர் கொடுப்பார்.

ஹீமோபிலியாவில் அந்தப் பிரிவு செய்த ஒரு ஆராய்ச்சி ஏழை நாடுகளுக்குப் பெரிய உதவி. பணக்கார நாடுகளில் அறுவை சிகிச்சைக்கு ஏராளமாகக் காரணி ஏற்றுவார்கள். இங்கே அவ்வளவு வாங்க யாரால் முடியும்? குறைந்த அளவு காரணியைக் கொண்டே பாதுகாப்பாக அறுவை செய்யலாம் என்று வேலூர் டாக்டர்கள் காட்டினார்கள். அந்தப் பிரிவின் டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவா முன்னின்று எழுதிய சிகிச்சைக் கையேட்டை 2020 இல் உலக ஹீமோபிலியா கூட்டமைப்பு வெளியிட்டது. பல நாட்டு டாக்டர்கள் அதைப் பார்த்துத்தான் வைத்தியம் செய்கிறார்கள்.

இன்னொரு ஆராய்ச்சி 2024 டிசம்பரில் உலகச் செய்தி ஆயிற்று. கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து ஆண்கள் அதில் சேர்ந்தார்கள். அவர்களின் இரத்தத்தில் இருந்தே மூல அணுக்களைப் பிரித்து எடுத்தார்கள். பழுது இல்லாத மரபணுவை அதற்குள் செலுத்தினார்கள். அதைச் சுமந்து செல்ல, நோய் உண்டாக்க முடியாதபடி செய்த ஒரு வைரஸைப் பயன்படுத்தினார்கள். பிறகு அந்த அணுக்களை அவரவர் உடம்பிலேயே திருப்பி ஏற்றினார்கள். உடம்பு தானே எட்டாம் காரணியைச் செய்யத் தொடங்கியது. கவனித்து வந்த மாதங்களில் ஐந்து பேருக்கும் இரத்தக் கசிவு வரவில்லை.

இதைக் கேட்டதும் உடனே பெட்டியைக் கட்டி ரயில் ஏறக் கூடாது. இது ஐந்து பேரிடம் செய்து பார்த்த ஆராய்ச்சி. அணுக்களை ஏற்றும் முன்பு கடுமையான மருந்து கொடுக்க வேண்டும். இன்னும் பலரிடம், பல வருடம் பார்க்க வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்க நாள் ஆகும்.

அங்கே நடக்கும் மூன்றாவது வேலை பயிற்சி. டாக்டர்கள் இரத்த நோய் மேல்படிப்புப் படிக்கிறார்கள். ஹீமோபிலியா பயிற்சிக்கு உலகக் கூட்டமைப்பு ஏற்ற மையங்களில் அது ஒன்று. இரத்தம் சோதிப்பவர்கள், நர்சுகள், மூட்டுப் பயிற்சி கொடுப்பவர்கள் எல்லோரும் கற்க வேண்டும். உறையும் நேரத்தை அளக்கும் சோதனையில் இரத்தக் குழாயை அரைகுறையாக நிரப்பினாலே முடிவு தப்பாகப் போகும். ஆயிரம் ரூபாய் மருந்தும் அப்புறம் வீண்தான்.

பையனை வேலூர் கொண்டு போக வேண்டுமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றார்கள். சாதாரணக் கசிவுக்குப் பக்கத்திலேயே மருந்து இருக்கிறது. காரணியை எதிர்க்கும் பொருள் சிலரின் இரத்தத்தில் உண்டாகி விடும். மருந்து பலிக்காது. அவர்களுக்கும், பெரிய அறுவை தேவைப்படுகிறவர்களுக்கும் அப்படிப்பட்ட பெரிய இடம் வேண்டும்.

எல்லைக்கு இரண்டு பக்கமும்

கேரளத்தில் ஆசாதாரா என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் அணு நோய் உள்ளவர்கள் அதில் பெயர் பதியலாம். காரணி மருந்து இலவசம். 18 வயதுக்குக் கீழே உள்ள ஹீமோபிலியா ஏ பிள்ளைகளுக்கு எமிசிசுமாப் என்ற புது மருந்தையும் கொடுக்க 2024 இல் கேரள அரசு முடிவு செய்தது. இதை நரம்பில் போட வேண்டாம். தோலுக்கு அடியில் போடலாம். கசிவு வந்த பிறகு அல்ல, வராமல் இருக்கவே இதைப் போடுகிறார்கள்.

தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காரணி இலவசம். களியக்காவிளை பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எந்த மாநிலத்து ரேஷன் கார்டு இருக்கிறதோ அந்த மாநிலத்தில் பெயர் பதிவது நல்லது. நடு இரவில் கசிவு வந்த பிறகு கார்டு தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. 2016 இன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஹீமோபிலியாவும் சேர்ந்திருக்கிறது. அந்தச் சான்றிதழுக்கும் மனுக் கொடுக்கலாம்.

வீட்டில்

நர்சு அம்மாவை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். மூட்டு வீங்கினால் அதை அசைக்காமல் வைக்க வேண்டும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி மேலே வைக்கலாம். துணியால் இதமாகக் கட்டி, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும். பிறகு தாமதம் இல்லாமல் மருந்துக்குப் போக வேண்டும். சூடான ஒத்தடம் கூடாது. தடவல் கூடாது. சதையில் ஊசி போடக் கூடாது. ஆஸ்பிரின் மாத்திரை கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். தடுப்பூசியை விடக் கூடாது. ஆனால் போடும் முன்பு நோயைச் சொல்ல வேண்டும். பல் பிடுங்குவதும் சுன்னத்து செய்வதும் காரணி ஏற்றாமல் நடக்கக் கூடாது. தலையில் அடிபட்டால் வலி இல்லை என்றாலும் உடனே ஓட வேண்டும்.

"அப்ப இவன விளையாடவே விடக்கூடாதா சிஸ்டர்?" என்று அம்மா கேட்டாள்.

"யார் சொன்னா? நீந்தட்டும், நடக்கட்டும். சதை பலமா இருந்தாத்தான் மூட்டுக்குக் காவல். கால்பந்து மட்டும் வேண்டாம்" என்றார் நர்சு.

பள்ளிக்கூட ஆசிரியரிடமும் சொல்லி வைத்தார்கள். மகளையும் ஒரு நாள் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும். அவளுக்குக் கல்யாணம் ஆகும் முன்பு, அவளுக்கே விவரம் தெரிய வேண்டும் என்று டாக்டர் சொல்லி இருக்கிறார்.

நர்சு ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொள்ளச் சொன்னார். தேதி, எந்த மூட்டு, எத்தனை யூனிட், மருந்துக் குப்பியின் எண், காலாவதி நாள். இவை எல்லாம் அதில் ஏற வேண்டும். நரம்பில் ஊசி போட அம்மா பழகி வருகிறாள். ஆகவே எழுதும் வேலை பாட்டிக்கு வந்தது. 1990 இல் கேரளம் எங்கும் நடந்த எழுத்தறிவு வகுப்பில் பாட்டி படிக்கக் கற்றவள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குப்பியை விளக்கின் பக்கம் பிடிக்கிறாள். எண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுகிறாள். காலாவதி நாளை மட்டும் இரண்டு தடவை படிக்கிறாள். பிறகுதான் குப்பியை மகளின் கையில் கொடுக்கிறாள்.